ஊருக்கெல்லாம் ஒரே பின்!

செல்போன் சார்ஜர் சண்டை தீர்ந்ததா?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீடு. எந்த வட்டம் என்று கேட்க வேண்டாம். எல்லா வட்டங்களிலும் இப்படி ஒரு வீடு உண்டு.

வீட்டில் ஆறு பேர். தாத்தா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அம்மா, பாட்டி, கல்லூரிக்குப் போகும் மகன், பத்தாவது படிக்கும் மகள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் நேரமானால் அந்த வீட்டில் ஒரு சண்டை நடக்கும்.

"என் சார்ஜரை எவன்டா எடுத்தது?"

"நான் எடுக்கலேப்பா. அது என் போனுக்குச் சேராது."

"அப்போ யார் எடுத்தா? பூனையா எடுத்துட்டுப் போச்சு?"

"அண்ணன்தான் அதைப் பவர் பேங்குக்குப் போட்டான்பா!"

அப்பா போனுக்கு ஒரு மாதிரி முனை. மகன் போனுக்கு வேறு மாதிரி. தாத்தாவின் பழைய போனுக்கு ஊசி போல ஒன்று. எதை எடுத்தாலும் அது மற்றவர் போனில் நுழையாது. பேட்டரி தீர்ந்த போனை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போவார். வீட்டில் அவசரம் என்றால் அவரை அழைக்க வழி இல்லை.

இன்று அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. காரணம், அரை அங்குலம்கூட அகலமில்லாத ஒரு சிறிய முனை. "டைப்-சி" என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அதுதான்!

சுவரில் ஒற்றுமை, போனில் வேற்றுமை

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான விஷயம்.

நெய்வேலியில் முதலாவது அனல்மின் நிலையம் சோவியத் நாட்டு உதவியோடு எழுந்தது. 1962-ல் அதன் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. 2020-ல் அந்த நிலையமே ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு வந்த நிலையங்களில் பல தேசத்து இயந்திரங்கள் உண்டு. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர யந்திரங்களோ ஜெர்மனியிலிருந்து வந்தவை.

இயந்திரம் எந்தத் தேசத்தில் பிறந்தால் என்ன? எல்லாம் தருகிற மின்சாரம் ஒன்றுதான். விநாடிக்கு 50 சுற்று. இதில் இம்மி பிசகினாலும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் பதறிவிடுவார்கள். அதனால்தான் நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டோடு நில்லாமல் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் போய் விளக்கு எரிக்க முடிகிறது.

வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டும் அப்படியே. நெய்வேலியில் வாங்கிய மிக்சியை மதுரையில் மாட்டலாம். மதுரையில் வாங்கிய இஸ்திரிப் பெட்டியை டில்லியில் மாட்டலாம். எங்கும் 230 வோல்ட். எங்கும் அதே உருண்டைத் துளை.

நூற்றுக்கணக்கான மைல் ஒழுங்காக வந்த மின்சாரம், போனுக்குள் நுழைய வேண்டிய கடைசி மூன்று அடியில்தான் வழி தெரியாமல் நின்றது!

பின்கள் பெருகிய கதை

2006-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் கையில் செல்போன் வந்த காலம் அது. நோக்கியாவிலேயே முதலில் தடித்த பின். பிறகு மெல்லிய பின். கடைக்குப் போனால், "தடிப் பின்னா, ஊசிப் பின்னா?" என்று கேட்பார்கள். மற்றக் கம்பெனிகளின் பின்கள் தட்டையாகவும் அகலமாகவும் வேறு வேறு வடிவத்தில் இருந்தன.

2009-ல் ஐரோப்பாவில் கணக்குப் பார்த்தபோது 30-க்கும் மேற்பட்ட வகைச் சார்ஜர்கள் புழக்கத்தில் இருந்தன.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்தன? எல்லாவற்றையும் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. அவரவர் போனுக்கு எது வசதி என்று அவரவர் செய்தார்கள். ஆனால் அதில் லாபமும் இருந்தது. தனிப் பின் என்றால் சார்ஜர் தொலைந்தவர் அதே கம்பெனியிடம்தானே திரும்பி வர வேண்டும்? ஆப்பிள் கம்பெனி 2012-ல் ஐபோனுக்கு 'லைட்னிங்' என்ற சொந்த முனையைக் கொண்டுவந்தது. அந்த முனையை வைத்து முறையாகக் கேபிள் செய்ய விரும்பும் மற்றக் கம்பெனிகள் ஆப்பிளிடம் உரிமம் பெற்றாக வேண்டும்.

இந்தத் தொல்லை கஷ்ட காலத்தில்தான் சரியாகத் தெரியும். 2011 டிசம்பர் 30-ந் தேதி அதிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. மின்சாரம் பிறக்கும் நெய்வேலி ஊரிலேயே மரங்கள் முறிந்து வீழ்ந்தன. அப்படிப்பட்ட ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஒரே ஒரு ஜெனரேட்டர். வெளியூரில் இருக்கும் மகளுக்கு "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கையில் போன் இருக்கிறது. பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது. பின் மட்டும் சேரவில்லை என்றால்?

ஒரு நெல்லிக்காய் அளவு நிலக்கரி

செல்போன் நிறைய மின்சாரம் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மை அல்ல.

இன்றைய போன்களில் 5,000 என்று எண் போட்ட பேட்டரி சாதாரணம். அதை முழுக்க நிரப்ப, வீணாகும் சூட்டையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி மின்சாரம் போதும். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆகவே ஒரு யூனிட்டில் 40 தடவை போனை நிரப்பலாம்.

ஒரு யூனிட் மின்சாரம் செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி தேவை. அப்படியானால் ஒரு போனை ஒரு தடவை நிரப்ப வேண்டியது சுமார் 25 கிராம். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான்!

ஆகவே நஷ்டம் மின்சாரத்தில் இல்லை. சார்ஜரில்தான் இருக்கிறது. ஒரு சார்ஜருக்குள் செம்பு இருக்கிறது. பிளாஸ்டிக் இருக்கிறது. ஈயப் பற்று, சிறு சிறு மின்பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. போன் மாறும்போதெல்லாம் இவை அத்தனையும் பரணுக்குப் போகின்றன. பரணிலிருந்து குப்பைக்குப் போகின்றன. ஐரோப்பாவில் மட்டும் வீசி எறியப்பட்ட சார்ஜர்களும், வாங்கி உபயோகிக்காமல் கிடந்த சார்ஜர்களும் ஆண்டுக்கு 11,000 டன் குப்பை என்று ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. தேவையில்லாத சார்ஜர் வாங்குவதைத் தவிர்த்தால் மக்களுக்கு ஆண்டுக்கு 25 கோடி யூரோ மிச்சம் என்றும் அது சொன்னது.

சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை

ஐரோப்பாவில் முதலில் நயமாகத்தான் பேசினார்கள். 2009-ல் கம்பெனிகளை அழைத்து, "நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்றார்கள். 14 கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. 'மைக்ரோ யு.எஸ்.பி.' என்ற சின்ன முனை பொது முனையாயிற்று. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்குமே, இருட்டில் செருகினால் மூன்று முறை திருப்ப வேண்டியிருக்குமே, அதுதான்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சொந்த முனை வைத்துக்கொள்ள விரும்பும் கம்பெனி, இடையில் மாட்ட ஓர் இணைப்புத் துண்டு கொடுத்தால் போதும். ஆப்பிள் அப்படியே செய்தது.

2014-ல் டைப்-சி பிறந்தது. நகம் அளவுள்ள அந்த முனைக்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மேல் வரிசையில் 12. கீழ் வரிசையில் 12. எப்படித் திருப்பிச் செருகினாலும் சேரும். போனுக்கும் இதுவே, லேப்டாப்புக்கும் இதுவே.

இனி நயம் வேண்டாம், சட்டம் போடுவோம் என்று ஐரோப்பா முடிவு செய்தது. 2022 அக்டோபர் 4-ந் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 602. எதிர்ப்பு 13. நடுநிலை 8. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் செல்போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றிலும் டைப்-சி துளை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று கெடு வைத்தார்கள்.

ஆப்பிள் எதிர்த்தது. "ஒரே முனை என்று சட்டம் போட்டால் புதிய கண்டுபிடிப்பு எப்படி வரும்?" என்று கேட்டது. இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2009-லேயே மைக்ரோ முனையைச் சட்டமாக்கிப் பூட்டியிருந்தால், டைப்-சி பிறந்திருக்குமா? சந்தேகம்தான். அதனால்தான் நாளை இதைவிட நல்ல முனை வந்தால் விதியை மாற்றிக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் ஆப்பிளும் வழிக்கு வந்தது. 2023 செப்டம்பரில் வெளியான ஐபோன் 15-ல் டைப்-சி துளை இருந்தது. அந்த ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரானது! ஐரோப்பாவில் போட்ட சட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் கையில் புது வடிவம் எடுத்தது. அதே ஊரில், மூடிக் கிடந்த நோக்கியா தொழிற்சாலையை வாங்கியதும் ஒரு சார்ஜர் கம்பெனிதான். 'சால்காம்ப்' என்பது அதன் பெயர்.

படியும் மரக்காலும்

"பின்னுக்குப் போய் சர்க்கார் சட்டம் போடுவதா?" என்று சிலர் சிரிக்கலாம்.

பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு காலத்தில் நம் ஊரில் படி ஊருக்கு ஒன்றாக இருந்தது. இந்த ஊர் மரக்கால் வேறு, அடுத்த ஊர் மரக்கால் வேறு. ஏமாந்தவர் ஏழை விவசாயிதான். நாடு முழுவதற்கும் ஒரே எடை, ஒரே அளவு என்று சட்டம் வந்தது 1956-ல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். 1958 அக்டோபர் முதல் கிலோ எடை புழக்கத்துக்கு வந்தது. சேரும் வீசையும் மறைந்தன. ஆரம்பத்தில் கடைகளில் ஒரே குழப்பம்! இன்று யார் வீசைக் கணக்கில் கத்தரிக்காய் கேட்கிறார்கள்?

ஓர் அதிசயம்: அந்த எடை அளவுச் சட்டத்தின் தேதி 1956 டிசம்பர் 28. ஐரோப்பாவில் பொதுச் சார்ஜர் சட்டம் அமலுக்கு வந்ததும் டிசம்பர் 28!

இந்தியாவில் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது மத்திய நுகர்வோர் விவகாரத் துறை. 2022 நவம்பர் 16-ந் தேதி கம்பெனிகளின் சங்கங்களையும் ஐ.ஐ.டி. நிபுணர்களையும் அழைத்துப் பேசியது. படிப்படியாக டைப்-சி-க்கு மாறுவது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சி முனைக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. தரம் வெளியிடுவது வேறு. கட்டாயம் ஆக்குவது வேறு. ஆனாலும் கம்பெனிகள் தேசத்துக்கு ஒரு துளை வைத்துப் போன் செய்ய விரும்புவதில்லை. நம் கடைகளில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் டைப்-சி-யே நிறைந்துவிட்டது.

உருவம் ஒன்று, உள்ளே வேறு!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

முனை ஒன்றாகிவிட்டது. ஆகவே எல்லாச் சார்ஜரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு சார்ஜர்களில் ஒன்று 10 வாட் தரும். மற்றொன்று 65 வாட் தரும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 9 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்க வேண்டும். 27 வாட். அவ்வளவுதான் கணக்கு.

"லேப்டாப் சார்ஜரைப் போனில் மாட்டினால் போன் வெடித்துவிடுமா?" என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். ஒழுங்காகச் செய்த சார்ஜராக இருந்தால் பயமில்லை. மாட்டிய உடனே சார்ஜரும் போனும் பேசிக்கொள்கின்றன! "என்னால் 5 வோல்ட் தர முடியும், 9 வோல்ட் தர முடியும், 20 வோல்ட்டும் தர முடியும்" என்று சார்ஜர் சொல்லும். "எனக்கு 9 போதும்" என்று போன் கேட்கும். கேட்டதற்கு மேல் சார்ஜர் தராது. முதலில் எப்போதும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். நெய்வேலி நிலையத்தில் "இவ்வளவு லோடு வேண்டும்" என்று உத்தரவு வந்த பிறகு உற்பத்தியைக் கூட்டுகிறார்களே, அது போலத்தான் என்று தாத்தா பேத்திக்கு விளக்கலாம்.

சில கம்பெனிகள் தங்கள் சொந்த பாஷையில்தான் பேசும். 'அதிவேக சார்ஜிங்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அந்தக் கம்பெனிச் சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் அந்த வேகம். வேறு சார்ஜர் போட்டால் போன் நிரம்பும், ஆனால் மெதுவாக. முனைச் சண்டை முடிந்து பாஷைச் சண்டை தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் இதையும் யோசித்தது. 15 வாட்டுக்கு மேல் வேகம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவான பாஷையும் போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்தது.

கேபிளிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போகும் கேபிளின் முனைக்குள் ஒரு சின்ன சில்லு இருக்கும். "நான் தாங்குவேன்" என்று அது சொன்னால்தான் அதிக மின்சாரம் பாயும்.

இன்னொன்று. மலிவு விலை டார்ச், ஷேவர், விசிறி போன்றவற்றில் டைப்-சி துளை இருக்கும். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளை மாட்டினால் உயிர் வராது. பொருள் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். காசுக்குக் கஞ்சத்தனம் பார்த்து உள்ளே வைக்க வேண்டிய மிகச் சிறிய பொருளை வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகல முனை உள்ள கேபிளைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேலை செய்யும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பஸ் நிலையத்து வாசலில் சாக்கு விரித்து விற்கும் சார்ஜர் விலை குறைவு. உள்ளே 230 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே நல்ல தடுப்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தடுப்பு சரியில்லை என்றால் வீட்டு மின்சாரம் நேரே போனுக்கு, போன் வழியே கைக்கு வரும்.

இந்தியாவில் செல்போன் சார்ஜர்களைத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்தே விற்க வேண்டும். சார்ஜரில் அதன் முத்திரை இருக்கும். ஐ.எஸ். எண் இருக்கும். 'ஆர்' என்ற எழுத்துக்குப் பிறகு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். இவை இல்லாததை விலை பாதியானாலும் தொடாமல் இருப்பது தேவலை.

சுவிட்சை அணைக்காமல் ஒயரைத் தொங்கவிடும் பழக்கம் அநேக வீடுகளில் இருக்கிறது. தவழும் குழந்தை முதலில் வாயில் வைப்பது அதைத்தான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டுத் தூங்குவதும் வேண்டாம். சூடு வெளியேற வழி இல்லை. மழையில் நனைந்த போனின் துளை நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரைச் செருக வேண்டும்.

பாட்டியின் ஆணி

நெய்வேலி வீட்டுக்குத் திரும்புவோம்.

கூடத்தில் இப்போது ஒரே சார்ஜர். இரண்டு கேபிள். அப்பா ஷிப்டுக்குப் போகும்முன் அரை மணி நேரம் மாட்டுகிறார். அவர் எடுத்ததும் மகள் மாட்டுகிறாள். தாத்தாகூட ஸ்மார்ட்போனுக்கு மாறிவிட்டார். பழைய பின்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பரண் மேல் இருக்கின்றன. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். டப்பா இன்னும் பரணில்தான் இருக்கிறது.

பாட்டி மட்டும் மாறவில்லை. அவளிடம் இருப்பது பொத்தான் போன். அதற்குப் பழைய மைக்ரோ முனை. 2022-ல் டில்லியில் பேசியபோதே இந்தக் கேள்வி வந்தது. விலை மலிவான பொத்தான் போனுக்கும் டைப்-சி வேண்டும் என்றால் விலை ஏறிவிடுமே, வாங்குகிறவர்கள் ஏழைகளாயிற்றே என்று சொன்னார்கள். அத்தகைய போன்களுக்கு வேறொரு பொதுச் சார்ஜர் வைக்கலாமா என்றும் யோசித்தார்கள்.

சமையலறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் பாட்டியின் சார்ஜர் தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் சார்ஜ் போட்டால் அவளுக்குப் போதும்.

"யாரும் அதைத் தொடாதீங்க. தொட்டா உங்களுக்கும் உபயோகப்படாது, எனக்கும் இல்லாமப் போயிடும்" என்கிறாள் பாட்டி.